வார்டுக்கு ஒரு தராசு: மலை மருத்துவமனைகளை நடத்துவோருக்குத் திறந்த மடல்

நீலகிரியில் ஆரம்ப சுகாதார நிலையம், தாலுகா மருத்துவமனை, தோட்ட மருத்துவமனை, அறக்கட்டளை மருத்துவமனை என எதை நடத்தினாலும், வாங்க வேண்டிய சாமான் பட்டியலில் கையெழுத்துப் போடும் இடத்தில் இருப்பவர்களுக்கு,

வணக்கம்.

மானிட்டர் வேண்டும், வென்டிலேட்டர் வேண்டும் என்று உங்கள் மேஜைக்கு வரும் மடல்களுக்குக் குறைவிருக்காது. நாங்கள் கேட்பது சில்லறைச் சாமான்கள். வார்டுக்கு ஓர் எடை மெஷின், கட்டிலுக்கு ஓர் அளவு ஜக், கேசிஎல் (பொட்டாசியம் குளோரைடு) ஆம்பியூலுக்குத் தனிப் பூட்டு, ப்யூரெட் செட் (ட்ரிப்பில் மாட்டும் அளவுக் குழாய்), சலைன் பாட்டில்களை வெதுவெதுப்பாக வைக்க ஓர் அலமாரி. கூடவே, அளந்ததை எழுத நேரம். உடம்பில் நீரோ உப்போ அமிலமோ நிலை தவறி வருகிற நோயாளிக்கு மலையில் முதல் லேப் கட்டிலருகில் இருக்கும் சிஸ்டர்தான். மாலையில் லேப் மூடிவிட்டால், அல்லது சாம்பிள் மஞ்சூரிலிருந்தோ பந்தலூரிலிருந்தோ இன்னோர் ஊருக்குப் போக வேண்டியிருந்தால், ராத்திரி முழுக்க அவர் அளக்கிற அளவுகளை வைத்துத்தான் முடிவெடுக்க முடியும். அளக்கவே சாமான் இல்லையென்றால் முடிவு ஊகத்தில் போகும்.

தராசிலிருந்து தொடங்குகிறோம். இரண்டொரு நாளில் உடம்பு எடை 1 கிலோ ஏறினாலோ இறங்கினாலோ அது கொழுப்போ சதையோ அல்ல, 1 லிட்டர் நீர். இதயம் பலவீனமானவருக்கு 2 நாளில் 2 கிலோ ஏறினால் கால் வீங்கும்வரை காத்திருக்காமல் டாக்டரைக் கூப்பிடலாம். ஆனால் எடை பார்ப்பதில் மலைக்கென்றே ஒரு தப்பு உண்டு. முந்தின நாள் மத்தியானம் வெயிலில் சட்டையோடு நின்று பார்த்தவர், மறுநாள் காலை ஸ்வெட்டர், சால்வை, கம்பளிக் குல்லாவோடு ஏறி நிற்பார். கம்பளியே ஒரு கிலோ காட்டும். ஃப்ரூசிமைடு (நீரைச் சிறுநீராக வெளியேற்றும் மருந்து) டோஸை ஏற்றுவதா என்ற கேள்விக்குச் சால்வை பதில் சொல்லிவிடும். காலையில் எழுந்து சிறுநீர் கழித்த பிறகு, காப்பிக்கு முன், அதே துணியில், அதே மெஷினில் பார்க்க வேண்டும். குளிரில் கம்பளியைக் கழற்றச் சொல்ல மனம் வராவிட்டால் அந்தக் கம்பளியைத் தனியே ஒருமுறை நிறுத்து, கழித்து எழுதலாம்.

அடுத்தது ஐ/ஓ சார்ட், அதாவது உடம்புக்குள் போவதையும் வெளியே வருவதையும் எழுதும் தாள். எல்லா வார்டிலும் சார்ட் இருக்கிறது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருநாள் புரட்டிப் பாருங்கள். 'சிறுநீர்: போனார்', 'வாந்தி: ++', 'வாய்வழி: 2 டம்ளர்' என்று இருந்தால் அந்தத் தாள் ஒரு பைசா பெறாது. டம்ளர் எவ்வளவு பிடிக்கும்? வீட்டிலிருந்து வரும் எவர்சில்வர் டம்ளர் 150 மில்லியும் உண்டு, 300 மில்லியும் உண்டு. அட்மிஷன் அன்றே அந்த டம்ளரில் நீர் நிரப்பி அளவு ஜக்கில் ஊற்றிப் பார்த்து, சார்ட்டின் மூலையில் எழுதிவிட்டால் அதன்பின் துணைக்கு இருப்பவரே கணக்குச் சொல்வார். குழந்தையின் டயப்பரை உலர்ந்த நிலையில் ஒருமுறையும் நனைந்த பின் ஒருமுறையும் நிறுத்தால் 1 கிராமுக்கு 1 மில்லி. சிறுநீர் ஜக்கைச் சமதளத்தில் வைத்துக் கண்மட்டத்தில் பார்க்க வேண்டும். யூரோபேக்கின் (சிறுநீர்ப் பை) மேல் அச்சடித்திருக்கும் கோடுகள் தோராயம், அவற்றை நம்பி மணிக்கணக்கு எழுதக் கூடாது.

உள்ளே போவதில் வழக்கமாகத் தப்புகிற கணக்கு இரண்டு. ஆன்டிபயாட்டிக்கை 100 மில்லி என்எஸ்ஸில் (சாதாரண உப்பு சலைன்) கலந்து தினம் 3 வேளை கொடுத்தால் 300 மில்லி. கிட்னி சரியில்லாதவருக்கு அது கிட்டத்தட்ட ஒருவேளைக் கஞ்சியும் ஒரு டம்ளர் டீயும் சேர்ந்தது. அதை யாரும் எழுதுவதில்லை. இரண்டாவது, ஷிஃப்ட் மாறும்போது தொங்கும் பாட்டில். போட்டவர் 500 என்று எழுதியிருப்பார், பாட்டிலில் இன்னும் 150 மிச்சம் இருக்கும். அடுத்தவர் அதையே மறுபடி எழுதுவார். ஹேண்டோவரில் பாட்டிலின் மட்டத்தில் பேனாவால் கோடு போட்டு நேரம் குறிப்பது இதற்கு மருந்து.

24 மணி நேரக் கூட்டலைக் காலை 7 மணிக்குப் போடும் வழக்கம் ஏட்டுக்கு அழகு. நோயாளிக்கு உதவாது. பெரியவருக்குக் கிலோவுக்கு மணிக்கு 0.5 மில்லியாவது சிறுநீர் வர வேண்டும். 50 கிலோ என்றால் மணிக்கு 25, ஆறு மணி நேரத்துக்கு 150 மில்லி. ராத்திரி 10 மணிக்கு ஒரு கூட்டல், விடிகாலை 4 மணிக்கு ஒரு கூட்டல் இருந்தால் குறைவது அப்போதே தெரியும். இதைக் கேட்டதும், ராத்திரி ஒரே சிஸ்டர் எப்படி முப்பது பேருக்குச் செய்வார் என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயம். எல்லாருக்கும் சார்ட் போடு என்று உத்தரவு போட்டால் யாருக்கும் உருப்படியாக இருக்காது. வயிற்றுப்போக்கு, இதயம், கிட்னி, ஆபரேஷன் முடிந்து முதல் இரண்டு நாள், சர்க்கரை அமில மயக்கம், பிரசவ ஜன்னி (கர்ப்பகால வலிப்பு) என டாக்டரும் சிஸ்டரும் ரவுண்ட்ஸில் பேர் சொல்லித் தேர்ந்தெடுக்கும் ஐந்தாறு பேருக்குப் போதும். மற்றவர்களின் சார்ட்டைக் கழற்றிவிட அனுமதி கொடுங்கள்.

குளிரைப் பற்றிச் சமவெளிப் பாடப்புத்தகம் சொல்லித்தராத சில உண்டு. நீர் வற்றியிருக்கிறதா என்று விரல் நகத்தை அழுத்தி விட்டு, 2 விநாடிக்குள் சிவக்கிறதா என்று பார்ப்பது பழக்கம். ஜனவரியில் ஊட்டியில், உறைபனி விழுந்த காலையில், ஆரோக்கியமான ஆளுக்கே அது தாமதமாகத்தான் சிவக்கும். விரலை விட்டுவிட்டு நெஞ்செலும்பின் மேல் அழுத்திப் பார்க்க வேண்டும். தோலைக் கிள்ளிப் பார்ப்பதையும் முதியவர்களுக்குக் கையில் செய்யாமல் நெஞ்சில் செய்யுங்கள். நாக்கு உலர்ந்திருப்பது வாயால் மூச்சு விடுபவருக்கு எப்போதும் உண்டு, கன்னத்தின் உட்புறத்தைப் பாருங்கள். குளிரில் தாகம் குறையும், சிறுநீர் கூடும், மூச்சில் போகிற ஈரம் கண்ணுக்குத் தெரியாது. கொழுந்து பறிக்கும் பெண்களில் பலர், தோட்டத்தில் கழிப்பறை கிடையாது என்பதால் காலையிலிருந்தே தண்ணீரைத் தள்ளிப்போடுவார்கள். வியர்க்கவில்லை, அதனால் நீர் குறைந்திருக்காது என்று எண்ணுவது இங்கே தப்பு.

அலமாரியில் இருக்கும் ஆர்எல் (ரிங்கர் லாக்டேட் சலைன்) பாட்டில் அந்த அறையின் குளிரில்தான் இருக்கும். 10 டிகிரி பாட்டிலை வேகமாக ஏற்றினால் நோயாளிக்கு நடுக்கம் வரும். 'குளிர்ஜுரம்', 'ட்ரிப் ரியாக்ஷன்' என்று நிறுத்திவிட்டு ஊசி போடுவார்கள். ஷாக்கில் இருப்பவருக்கு உடல் சூடு இறங்குவது ரத்தம் உறைவதையும் கெடுக்கும். பாட்டிலைக் கொதிநீரில் போடுவதும் மைக்ரோவேவில் வைப்பதும் வேண்டாம். வெளியே வெதுவெதுப்பாகவும் உள்ளே ஓரிடத்தில் கொதிப்பாகவும் இருக்கும், போர்ட்டில் அழுக்கு நீரும் படும். தெர்மோஸ்டாட் வைத்த அலமாரியில் 37 டிகிரியில் ஒருநாள் செலவுக்கான பாட்டில்களை வைத்தால் போதும். நரம்பு கிடைக்காத கையையும் முதலில் வெதுவெதுப்பான துணியில் சுற்றி வையுங்கள், பாதிக் குத்தல்கள் குறையும்.

வயிற்றுப்போக்குக்கு ஓஆர்எஸ் பற்றி எல்லாருக்கும் தெரியும் என்கிறோம். கரைப்பதில்தான் கோட்டை விடுகிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் 2002 கலவை லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5, சிட்ரேட் 2.9, குளுக்கோஸ் 13.5. இந்த விகிதம் இருந்தால்தான் குடல் நீரை இழுத்துக்கொள்ளும். 1 லிட்டர் பாக்கெட்டை அரை லிட்டரில் கரைத்தால் குழந்தையின் ரத்தத்தில் சோடியம் எகிறும். பாக்கெட்டைப் பாதியாகப் பிரித்தால் உப்பு ஒரு பக்கமும் சர்க்கரை ஒரு பக்கமும் போகலாம். மலையில் இன்னொன்றும் நடக்கும். ஆறிப்போயிற்று என்று கரைசலை மறுபடி அடுப்பில் ஏற்றுவார்கள். கூடாது, நீர் சுண்டினால் உப்பு கூடிவிடும். கொதித்து ஆறிய வெதுவெதுப்பான நீரிலேயே கரைத்து ஃப்ளாஸ்க்கில் வைக்கலாம், 24 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். ஓரளவு நீர் வற்றிய குழந்தைக்குக் கிலோவுக்கு 75 மில்லி, 4 மணி நேரத்தில், கரண்டி கரண்டியாக. வாந்தியெடுத்தால் 10 நிமிடம் பொறுத்து இன்னும் மெதுவாக. மயங்கிக் கிடக்கும் குழந்தைக்கு ஆர்எல் கிலோவுக்கு 100 மில்லி: ஒரு வயதுக்கு உட்பட்டால் 30 மில்லி ஒரு மணியில், 70 மில்லி ஐந்து மணியில், மேற்பட்டால் 30 மில்லி அரை மணியில், 70 மில்லி இரண்டரை மணியில். 1971இல் எல்லையோர பங்காவ் அகதி முகாமில் காலரா நோயாளிகளுக்கு டாக்டர் திலீப் மகலநாபிஸ் சொந்தக்காரர்கள் கையாலேயே உப்பு-சர்க்கரைக் கரைசல் கொடுக்க வைத்தபோது அங்கும் ட்ரிப் பாட்டில் தட்டுப்பாடுதான். அளந்து பொட்டலம் கட்டியதால்தான் அது வேலை செய்தது.

'ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க சிஸ்டர்' என்று கேட்பவர்களிடம் சொல்ல வேண்டியது: 500 மில்லி 5% டெக்ஸ்ட்ரோஸில் இருப்பது 25 கிராம் சர்க்கரை, ஒரு வாழைப்பழத்தின் சக்தி. சோடியம் குறைந்தவருக்கு அதை ஏற்றினால் சர்க்கரை எரிந்துபோய் வெறும் நீர் மிஞ்சும், சோடியம் இன்னும் இறங்கும்.

சோடியம் இறங்கிய முதியவர் மலையில் அடிக்கடி வருவார். தயசைடு வகை பிபி மாத்திரை, பசியில்லாமல் கட்டஞ்சாயாவிலேயே நாளை ஓட்டுவது, இரண்டு நாள் வாந்தி. குழம்பிப் பேசுவதை 'வயசாயிடுச்சு, குளிரு' என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். வலிப்பு வந்தால் 3% சலைன் 100 மில்லியை 10 நிமிடத்தில் டாக்டர் கொடுக்கச் சொல்வார். அந்தப் பாட்டிலைச் சாதாரண என்எஸ் பக்கத்தில் அடுக்காதீர்கள், பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். அதன்பின் அவசரம் கூடாது. 24 மணி நேரத்தில் 8 மில்லிமோலுக்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்வது பாதுகாப்பு, வேகமாக ஏறினால் மூளைத்தண்டு சிதைந்து ஆள் பேச்சு, அசைவு இழக்கக்கூடும். இங்கே சிஸ்டரின் ஜக் மறுபடி வருகிறது. வாந்தி நின்று நீர் சேர்ந்ததும் சிறுநீர் திடீரென மணிக்கு 100 மில்லிக்கு மேல் கொட்டும். 'நல்லா யூரின் போறார்' என்று எல்லாரும் சந்தோஷப்படுகிற அந்த நேரம்தான் சோடியம் தறிகெட்டு ஏறும் நேரம். குறைந்தால் மட்டுமல்ல, பொங்கினாலும் போன் செய்ய வேண்டும்.

இனி பொட்டாசியம். பூட்டு கேட்டது இதற்குத்தான். கேசிஎல் 10 மில்லி ஆம்பியூலில் 20 மில்லி ஈக்விவலன்ட் (பொட்டாசியத்தை எண்ணும் அலகு, மில்லிலிட்டர் அல்ல) இருக்கிறது. அதை அப்படியே நரம்பில் செலுத்தினால் இதயம் நிற்கும், திருப்ப நேரம் கிடைக்காது. எமர்ஜென்சி ட்ரேயில் டிஸ்டில்ட் வாட்டர் ஆம்பியூலுக்குப் பக்கத்தில் அது கிடப்பதும், மங்கிய விளக்கில் லேபிள் தெரியாமல் உடைப்பதும் நடக்கக் கூடியவை. தனிப் பெட்டி, சிவப்பு லேபிள், எடுக்கும்போது இருவர் வாசித்துக் கையெழுத்து. ராத்திரி ஒரே சிஸ்டர் என்றால் இரண்டாமவர் ட்யூட்டி டாக்டராக இருக்கட்டும்.

கலப்பதிலும் கவனம் வேண்டும். தொங்கி ஓடிக்கொண்டிருக்கும் பாட்டிலில் ஊசியால் கேசிஎல்லைச் செலுத்தினால் அது கனமானது என்பதால் அடியில் தங்கி, முதல் சில நிமிடங்களில் மொத்தமாக இறங்கிவிடும். பாட்டிலைக் கழற்றி, செலுத்தி, பத்து முறையாவது தலைகீழாகக் கவிழ்த்துக் கலக்கி, எவ்வளவு சேர்த்தது, நேரம், யார் என்று ஒட்டி, பிறகு தொங்கவிட வேண்டும். கை நரம்பில் லிட்டருக்கு 40 மில்லி ஈக்விவலன்ட், அதாவது 500 மில்லி பாட்டிலுக்கு ஓர் ஆம்பியூல். அதற்கு மேல் நரம்பு எரியும். மானிட்டர் இல்லாத வார்டில் மணிக்கு 10க்கு மேல் வேண்டாம், எனவே அந்தப் பாட்டில் 2 மணி நேரத்துக்குக் குறைந்து முடியக் கூடாது. 20 சொட்டுக்கு 1 மில்லி செட்டில் அது நிமிடத்துக்கு 83 சொட்டு, அதுவே உச்சம். சிறுநீர் வருகிறதா என்று பார்க்காமல் முதல் பாட்டிலைத் தொடக் கூடாது. விழுங்க முடிந்தவருக்கு ட்ரிப்பே வேண்டாம்: சிரப் 15 மில்லியில் அதே 20 இருக்கிறது, சாப்பிட்ட பிறகு ஒரு டம்ளர் நீரில் கலந்து கொடுத்தால் வயிறும் எரியாது. கொடுத்தும் கொடுத்தும் ஏறவில்லையென்றால் மெக்னீசியத்தைப் பாருங்கள்.

சாம்பிள் பயணம் தனிக் கதை. ரத்தம் குளிர்ந்தால் செல்லின் பம்ப் ஓய்ந்து உள்ளே இருக்கும் பொட்டாசியம் வெளியே கசியும். நல்லது செய்வதாக எண்ணி முழு ரத்தத்தை ஐஸ் பெட்டியில் வைத்து மணிக்கணக்கில் அனுப்பினால் இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும். அதைவிட மோசம், குறைந்திருப்பதைச் சரியாக இருப்பதாகக் காட்டி எல்லாரையும் தூங்க வைக்கும். கட்டை இறுக்கிக் கையை மூடித் திறக்கச் சொல்வது, மெல்லிய ஊசியில் உறிஞ்சுவது, கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்குவது எல்லாம் பொட்டாசியத்தைக் கூட்டிக் காட்டும். சென்ட்ரிஃப்யூஜ் வைத்து சீரத்தைப் பிரித்து அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள், எடுத்த நேரத்தை டியூபில் எழுதச் சொல்லுங்கள், சந்தேகம் என்றால் ஈசிஜி எடுத்து டி அலையைப் பாருங்கள். உண்மையிலேயே ஏறியிருந்தால் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டியவை: கால்சியம் க்ளூக்கோனேட் 10% 10 மில்லி, ரெகுலர் இன்சுலின், 25% டெக்ஸ்ட்ரோஸ் 100 மில்லி, சல்பூட்டமால் ரெஸ்ப்யூல். இன்சுலின் கொடுத்த பிறகு 6 மணி நேரம் சர்க்கரை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பொட்டாசியம் இறங்கி, சர்க்கரை தாழ்ந்து போனவர்கள் உண்டு. கால்சியமும் பைகார்பனேட்டும் ஒரே லைனில் போனால் சுண்ணாம்பாக உறையும்.

கிட்னி நோயாளிகளுக்கு டிஸ்சார்ஜில் சொல்லும் உணவுப் பட்டியல் இந்த மலைக்கு எழுதியதாக இருக்கட்டும். உருளைக்கிழங்கு, பட்டர் ஃப்ரூட், மரத்தக்காளி மூன்றும் இங்கே வீட்டுத் தோட்டத்திலேயே உண்டு, மூன்றிலும் பொட்டாசியம் உண்டு. உருளையைச் சின்னதாக நறுக்கி நிறைய நீரில் வேகவைத்து அந்த நீரைக் கொட்டினால் கணிசமாகக் குறையும்.

கூடலூர், பந்தலூர் பக்கம் பணியர், குறும்பர், இருளர் மக்களிடையே அரிவாள் செல் ரத்தசோகை (சிவப்பணு அரிவாள்போல் வளையும் பரம்பரை நோய்) இருப்பதால் ஒரு எச்சரிக்கை. நீர் வற்றுவது, குளிர், அமிலம் கூடுவது மூன்றும் வலியைக் கிளப்பும். ஆனால் அவர்களின் கிட்னி சிறுநீரைச் சுண்டவைக்கும் திறனை இழந்திருக்கும். உடம்பு வற்றிக்கொண்டிருந்தாலும் சிறுநீர் தெளிவாக, தாராளமாக வரும். ஜக் பொய் சொல்லும் இடம் இது, இங்கே தராசைத்தான் நம்ப வேண்டும். அளவில்லாமல் ஏற்றினாலும் நெஞ்சில் நீர் கோத்துக்கொள்ளும்.

அமில-கார நிலைக்குச் செலவில்லாத கருவி கடிகாரம். மூச்சை முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும், 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கி எல்லாருக்கும் 20 என்று எழுதுவதை விடுங்கள். நெஞ்சில் சத்தம் சுத்தமாக இருந்து, மூச்சு ஆழமாக, வேகமாக ஓடினால் ஆஸ்துமா என்று நெபுலைசர் வைக்கும் முன் சர்க்கரையைப் பாருங்கள். சர்க்கரை அமில மயக்கத்தில் பொட்டாசியம் 3.5க்குக் கீழே இருந்தால் இன்சுலின் காத்திருக்கட்டும், முதலில் பொட்டாசியம். ஏபிஜி (தமனி ரத்த வாயுப் பரிசோதனை) எடுக்கும் வசதி உள்ள இடங்களில் சிரிஞ்சில் ஹெபாரின் அதிகமானால் பைகார்பனேட்டும் கார்பன் டை ஆக்சைடும் குறைந்து காட்டும். காற்றுக் குமிழியை உடனே வெளியேற்றி, மூடி, 30 நிமிடத்துக்குள் மெஷினில் வையுங்கள். கடல்மட்டத்தில் காற்றழுத்தம் 760 மில்லிமீட்டர் என்றால் 2,240 மீட்டரில் இருக்கும் ஊட்டியில் ஏறக்குறைய 580. இங்கேயே வாழ்பவருக்கு ஆக்சிஜனும் கார்பன் டை ஆக்சைடும் பைகார்பனேட்டும் தாளில் அச்சடித்த 'நார்மலை'விடச் சற்றுக் கீழேதான் இருக்கும். ரிப்போர்ட்டில் ஊரின் உயரத்தையும் அச்சடிக்கச் சொல்லுங்கள், கோவையில் அதைப் படிக்கும் டாக்டருக்கு உதவும்.

பிரசவ ஜன்னிக்கு மெக்னீசியம் போடும்போது முழங்காலைத் தட்டினால் கால் துள்ளுவது, நிமிடத்துக்கு மூச்சு 16, சிறுநீர் 4 மணி நேரத்தில் 100 மில்லி என்ற மூன்றும் இருந்தால்தான் அடுத்த டோஸ். இது பழைய பாடம், அளவு ஜக் இல்லாத லேபர் ரூமில் மூன்றாவது கால் முறிந்த முக்காலி.

கடைசியாக, மலை இறக்கம். கோவைக்கு அனுப்பும் நோயாளியின் சொட்டு பர்லியார் வளைவுகளில் நாம் வைத்த வேகத்தில் ஓடாது. பாட்டில் ஆடும், ரோலர் க்ளாம்ப் நெகிழும், சொட்டை எண்ண முடியாது. ப்யூரெட் செட்டில் 100 மில்லி மட்டும் நிரப்பி மேல் க்ளாம்பை மூடிவிட்டால், என்ன ஆனாலும் அந்த 100க்கு மேல் உள்ளே போகாது. பம்ப் இல்லாமல் கேசிஎல் பாட்டில் தொங்க ஒருவரையும் இறக்கக் கூடாது, கழற்றிவிட்டு ஆர்எல் மாற்றுங்கள். புறப்படும் முன் யூரோபேக்கைக் காலி செய்து அளவையும் நேரத்தையும் எழுதுங்கள். கூடப் போகும் தாளில் எட்டு வரி போதும்: எடை, ஆறு மணி நேர உள்ளே-வெளியே, கடைசி எலக்ட்ரோலைட்டும் அதை எடுத்த நேரமும், இதுவரை போன பாட்டில்களின் பேர், கேசிஎல் மொத்தம், கடைசிச் சர்க்கரை, நிமிட மூச்சு, அனுப்பிய சிஸ்டரின் பேர். 2009 நவம்பர் மாதிரி மண் சரிந்து பாதை அடைபட்டால் இந்தத் தாள் போகவே போகாது. அந்த நாட்களுக்கு ஆர்எல், ஓஆர்எஸ், கால்சியம் க்ளூக்கோனேட் மூன்றையும் ஐப்பசி பிறக்கும் முன் கூடுதலாக வாங்கி வைக்க வேண்டும்.

பட்ஜெட்டில் எல்லாம் ஒன்றாக அடங்காது என்றால் முதலில் தராசையும் ஜக்கையும் வாங்குங்கள். தராசு டிஜிட்டலாக, 100 கிராம் நுணுக்கத்தில், முடிந்தால் நாற்காலி வகையாக இருக்கட்டும், நிற்க முடியாதவரையும் உட்கார வைக்கலாம். மரத்தரையிலோ சாய்ந்த வராந்தாவிலோ வைக்காதீர்கள். மாதம் ஒருமுறை, பிரிக்காத 10 கிலோ அரிசி மூட்டையை ஏற்றிப் பார்த்து, காட்டியதைத் தராசின் மேலேயே எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நீலகிரி வார்டுகளில் ட்யூட்டி பார்க்கும் செவிலியர்கள் சிலர்